மரக்கத்தி கொடுத்த பாய்

அவரைப் பேர் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆகவே இங்கேயும் எழுதவில்லை. எனக்கு அவர் பாய். ஊரில் பாதிப் பேருக்கு ‘விழுந்தா பாய்’.

அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் அவர் வாய்தான். யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், “நல்லா கீது. விழுந்தா?” என்பார். புது சைக்கிளைத் துடைத்துப் பளபளவென்று ஒருவன் கொண்டுவருவான். “விழுந்தா எந்தப் பக்கம் விழுவே?” என்று கேட்பார். ஒரு தடவை கல்யாணக் கோஷ்டி ஒன்று லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. மேளக்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் சந்தோஷம். இவர் போய் டிரைவரிடம், “ப்ரேக் புடிக்கலன்னா இன்னா பண்ணுவே?” என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அடிக்கவே வந்துவிட்டார்.

“நல்ல காரியத்துக்குப் போற வண்டிய்யா! வாயக் கழுவு!”

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. லாரிக்கு அடியில் புகுந்து எதையோ முறுக்கிவிட்டு வெளியே வந்து, “இப்ப போங்க. நல்லா இருங்க” என்றார்.

கும்மிடிப்பூண்டியில் நெல்லூருக்குப் போகிற பெரிய ரோட்டோரம் அவர் கொட்டகை. இன்று கம்பெனிச் சுவர் நிற்கிற இடத்தில் அன்று சவுக்குத் தோப்பு. லாரிக்கு அடியில் வில் போல வளைந்து அடுக்கடுக்காக இரும்புப் பட்டை இருக்குமே, அது உடைந்தால் மாற்றிக் கட்டுவது அவர் தொழில். உடைந்த பட்டையில் கத்தி செய்வது அவர் ஆசை. பழவேற்காட்டில் அவர் குடும்பம் ஜவுளி வியாபாரம். அண்ணன் தம்பிகள் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் கடையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் இங்கே கரி பூசிக்கொண்டு நின்றார். ஏன் இப்படி எல்லாவற்றிலும் கெட்டதையே முதலில் நினைக்கிறீர்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். “யோசிக்கிறதுக்குக் காரணம் வேற வேணுமா?” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது.

நான் தந்திக் கம்பி பார்க்கிற லைன்மேன். எட்டாவது வரை படிப்பு. ஆந்திரா தனியாகப் பிரிந்த மறு வருஷம் எனக்கு எளாவூர்ப் பக்கத்து லைன் கொடுத்தார்கள். கம்பம் கம்பமாக நடந்து பார்க்க வேண்டும். எளாவூரைத் தாண்டினால் முள்ளுக்காடும் உப்பங்கழியும்தான். எதிரே ஒரு ஆளைப் பார்த்தால் அதிசயம். எனக்கு முன்னால் அந்த லைனைப் பார்த்தவர் ஒரு மழைக்காலத்தில் கால்வாயில் இறங்கினவர், மூன்றாம் நாள்தான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிணமாகக் கிடைத்தார். என் சம்சாரம் அப்போது இரண்டாவது பிள்ளை பெற்று இருபது நாள் பச்சை உடம்புக்காரி. யாரோ புண்ணியவதி வந்து அவளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் நான் படியிறங்கும்போதெல்லாம் பெரியபாளையத்து அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். “போனவரு முழுசா ஊடு வரணும் தாயே.” தினமும் அந்த ஒரே வரிதான். அதைக் கேட்டுவிட்டு நடக்கிறவனுக்கு எப்படி இருக்கும்!

நல்ல அரிவாளாக ஒன்று வேண்டும் என்று பாயிடம் போனேன்.

“இன்னாத்துக்கு?”

“காட்டுல தனியாப் போறேன் பாய். கையில ஒண்ணு இருந்தா ஒரு தைரியம்.”

“தைரியத்துக்குத் தாயத்து கட்டிக்கோ. வேலைக்கு இன்னா வேணும், அத்த சொல்லு.”

காலையில் இறங்கினது முதல் சாயங்காலம் திரும்புகிற வரையில் கையால் என்னென்ன செய்கிறேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கம்பத்தில் ஏறுகிற கொடியை அறுக்கிறேன். அடியில் கரையான் புற்றைத் தோண்டுகிறேன். ஆப்பு சீவுகிறேன். கயிறு அறுக்கிறேன். துருப்பிடித்த கம்பியைச் சுரண்டுகிறேன். கொட்டகைத் தரையில் சாக்கட்டியால் வரைந்துகொண்டே வந்தார். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் படம் மாறியது. அரிவாளின் வளைவு போயிற்று. நீளம் பாதியானது. முனை ஊசிபோல இருந்ததை அழித்து மழுக்கினார்.

“கூரா இருந்தாத்தானே நல்லது?” என்றேன்.

“தோண்டும்போது ஒடிஞ்சா? மீதி வழிக்கு இன்னா வெச்சினு போவே?”

கடைசியில் பிடியோடு சேர்த்து ஒன்றே கால் சாண் வந்தது. பிடி தனி, கத்தி தனி கிடையாது. ஒரே பட்டை, முனையிலிருந்து பிடியின் கடைசி வரை. இரண்டு பக்கமும் கருவேலக் கட்டை வைத்துப் பித்தளை ஆணி அடிக்க வேண்டும். பிடியின் கோடியில் ஒரு ஓட்டை, மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொள்ள.

படத்தின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். “எந்தக் கை?”

“சோத்தாங்கைதான் பாய். வேற எந்தக் கையி?”

சொல்லிவிட்டேன். சொன்னது பொய்.

எனக்கு எந்த வேலையும் முதலில் இடது கைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டு எழுத வைத்தார். ‘பீச்சாங்கையன்’ என்று பையன்கள் கூப்பிட்டார்கள். சாமி காரியத்துக்கு ஆகாத கை என்று எங்கள் அப்பா விறகுக் கட்டையாலேயே அடித்திருக்கிறார். எழுதுவது, சாப்பிடுவது, திருநீறு எடுப்பது எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டது. ஆனால் கம்பத்தின் மேல், யாரும் பார்க்காத இடத்தில், சுத்தியல் தானாக இந்தக் கைக்கு வந்துவிடும். என் சம்சாரத்துக்குக் கூடத் தெரியாது. பெண் பார்க்கப் போனபோது தாம்பூலத்தை எந்தக் கையால் வாங்கிவிடுவோமோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். இப்படி முப்பது வருஷம் மறைத்ததை ஒரு கத்திக்காகவா சொல்லிவிடுவேன்?

பாய் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனால், என் கையில் ஒரு மரக்கத்தியைக் கொடுத்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியது, பால் போல வெள்ளை. கூடவே சாக்குத் துணியில் தைத்த ஒரு உறை.

“இன்னா பாய் இது?”

“பதினஞ்சு நாளு இத்த இடுப்புல கட்டினு போ. கத்திய எடுக்க வேண்டிய எடத்துல எல்லாம் இத்த எடு. வெட்ற மாதிரி புடி, வெச்சிடு. அப்புறம் கொண்டா.”

அவர் வேலை செய்கிற முறை அது. யாருக்குக் கத்தி செய்தாலும் முதலில் மரக்கத்திதான். அதைக் கட்டிக்கொண்டு நடக்க வெட்கப்பட்டு வராமலே போனவர்கள் உண்டு. ரயில் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் என்னைப் பார்த்துவிட்டுத் தினமும் ஒரு கும்பிடு போட்டான். “வாங்க மகாராஜா! இன்னிக்கு எந்த ஊர்ல கூத்து? ராணி எங்க, பின்னாடி வராங்களா?”  மனைவியின் வேண்டுதலை நினைத்துக்கொண்டு நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வெள்ளைக் கட்டையில் என் வேர்வையும் அழுக்கும் அச்சுப்போல் ஏறியிருந்தன. கட்டைவிரல் பதிய வேண்டிய பக்கத்தில் பதியவில்லை. எதிர்ப் பக்கத்தில் பதிந்திருந்தது. எனக்குக் காது சுட்டது. பாய், “பிடி கொஞ்சம் தடியா இருக்கணும் உனுக்கு” என்று மட்டும் சொல்லி, அதை ஆணியில் மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கத்தி செய்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போயிற்று. பட்டையைச் சூடேற்றி ஒரு காந்தத்தை அதில் வைத்துப் பார்ப்பார். காந்தம் ஒட்டாமல் போகிற அந்தச் சிவப்பில் எடுத்து எண்ணெயில் தோய்ப்பார். பிறகு மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வருகிற வரை காத்திருப்பார். வந்த கத்தியை இடுக்கியில் பிடித்து வளைத்துப் பார்த்தார். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. லாரி கூரை மேல் ஏறி, கீழே கிடந்த கருங்கல்லின் மேல் போட்டார்.

“ஏன் பாய், நல்லா வந்த கத்தியப் போட்டு...” என்றேன்.

“என் கையில ஒடிஞ்சா நஷ்டம். உன் கையில ஒடிஞ்சா?”

உறைதான் அவரை அதிகம் படுத்தியது. முதலில் மர உறை செய்தார். கத்தியோடு வாளித் தண்ணீரில் போட்டு மூன்று நாள் வைத்தார். மரம் ஊதிக் கத்தியைக் கவ்விக்கொண்டது. காலால் மிதித்து இழுத்தும் வரவில்லை. அடுத்தது எருமைத் தோல். அதையும் ஊறவைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு லாரி மேலிருந்து குதித்தார், அந்த வயதில். ஊறியிருந்த தையலைக் கிழித்துக்கொண்டு கத்தி வெளியே வந்து அவர் தொடையிலேயே கீறிவிட்டது. ரத்தம் வழிகிறது, இவர் சிரிக்கிறார். “பாத்தியா? பாத்தியா? விழுந்தா!” கொட்டகையில் ஒன்று தப்பாகப் போய்விட்டால் அவருக்கு வருகிற சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

கொட்டகைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் சம்சாரம் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “இந்த மனுசனோட பேஜாராப் போச்சு. எங்க நிக்காஹ் அன்னிக்குத் தெரியுமா தம்பி, மாப்பிள்ளை மேடையில ஒக்காந்துக்கினு ‘சோறு பத்தலன்னா?’ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. தொல்ல தாங்காம எங்க வாப்பா இன்னொரு அண்டா ஏத்தினாரு.”

“பத்திச்சா இல்லியா, அத்த சொல்லு” என்றார் பாய்.

“பத்திச்சு. மூணு தெருவு துன்னும் மிச்சம்.”

கத்தி செய்ய மாட்டேன் என்று அவர் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். தச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். பங்காளித் தகராறு. மரக்கத்தியெல்லாம் வேண்டாம், நேரே இரும்பே கொடு என்றான். பாய் அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். “என் கத்தி கட்டினு போறவன் சாயங்காலம் ஊடு திரும்பணும். நீ சொல்ற வேலைக்குப் போனா ரெண்டு பேருமே திரும்ப மாட்டீங்க. டீயக் குடி.” அவன் திட்டிவிட்டுப் போனான். பாய் அன்று முழுவதும் வேலை செய்யவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் பேச்சு சில நேரம் பிடிக்காமலும் போகும். சாமி கும்பிடுகிறவன் நான். வாயைத் திறந்தால் விழுவதும் ஒடிவதுமாக இருந்தால் மனசு சங்கடப்படாதா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். “மேல ஒருத்தன் இருக்கான் பாய். அவன் பாத்துக்க மாட்டானா?” அவர் அப்போதுதான் தொழுதுவிட்டு வந்திருந்தார். நெற்றி ஈரம்கூடக் காயவில்லை.

“பாத்துக்குவான். அஞ்சு வேள அவன்கிட்டதான் சொல்லிக்கினு கீறேன். அவன் கை குடுக்கறப்ப நம்ம கை சும்மா தொங்கினு இருந்தா மரியாதையா?”

 

மூன்றாவது உறை லாரி டயரின் உள்பக்கத்துக் கித்தானில் வந்தது. ரப்பர் ஏறிய கித்தான், ஊறாது, உப்பாது. ஓரத்தில் ஒரு பட்டை வைத்து, தையலுக்குப் பதில் செம்பு ஆணி. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. வாய் கத்தியைக் கவ்விக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கினாலும் விழாது. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் கைக்கு வரும். எல்லாம் பார்த்தேன். பெல்ட்டு நுழைகிற காது மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது.

“எதுக்கு பாய் ரெண்டு காது?”

“எந்தப் பக்கம் வேணா மாட்டலாம்.”

“எனக்கு ஒரு பக்கம் போதுமே.”

“போதும்னா ஒண்ணுல மாட்டு. ஊட்டாண்ட ஒரு பக்கம் இருக்கட்டும். காட்டுல எது உனுக்குத் தோதோ, அந்தப் பக்கம்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கண்ண மூடினு எடுத்துப் பழகு. நூறு தடவ. இங்க வேணாம். யாரும் இல்லாத எடத்துல.”

பிறகு ஆணியில் தொங்கிய மரக்கத்தியை எடுத்து உலைக்குள் போட்டார். “இதோட வேல முடிஞ்சுது.” அது புகைந்து எரிகிற வரை இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் சொன்னபடிதான் செய்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது கத்தி வலது இடுப்பில் இருக்கும். என் மனைவி உறையில் குங்குமம் வைப்பாள். எளாவூர் தாண்டி, மூன்று பனைமரம் சேர்ந்து நிற்கிற இடத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது இடுப்புக்கு மாற்றிக்கொள்வேன். திரும்பும்போது அதே பனைமரத்தடியில் வலது பக்கம். திருட்டுப்போலத்தான் இருந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் ஏறி, கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கம்பி அறுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது பகல் பதினொரு மணி இருக்கும். அறுந்த கம்பியைக் கரைக்கு இழுக்க வேண்டும். கம்பத்தில் கயிறு கட்டி, மறுமுனையை வலது கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். கயிற்றைக் கையில் சுற்றாதே என்று பாய் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! வழுக்குகிறதே என்று சுற்றினேன்.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் மடமடவென்று ஒரு சத்தம். அடிமண் கரைந்து கம்பமே சாய்ந்து கால்வாயில் விழுந்தது. வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கயிறு விறைத்து என் வலது கையைப் பிடுங்கிற்று. கால் தரையை விட்டது. நான் தண்ணீருக்குள்ளே இழுபட்டுப் போனேன். கண்ணைத் திறந்தால் சேறு. என் சம்சாரத்தின் அந்த ஒரு வரி மட்டும் காதில் கேட்டது.

அம்மா தாயே என்று கூப்பிட்டேன். கூப்பிட்டு முடிக்கவில்லை, இடது கை தானாகப் போய் இடுப்பைத் தொட்டது. கட்டைவிரல் தள்ளியது. கத்தி கையில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவது இழுப்பில் கயிறு விட்டது.

கரையில் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து பார்த்தால் கத்தி கையிலேயே இருந்தது, உறையின் அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் என் வலது கையைப் பார்த்து மனைவி அழுதாள். முழங்கை வரை கயிறு தோலை உரித்திருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றினாள். பெரியபாளையம் போய் இரண்டு பேரும் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

“இன்னாங்க, சோத்தாங்கைதானே கயித்துல மாட்டிக்கினு இருந்துச்சு. அப்ப எப்பிடி அறுத்தீங்க?”

“அம்மன்தான் அறுத்தா” என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.  அம்மன் காப்பாற்றினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவள் கொடுத்த கையை மறைப்பதற்கு அவள் பேரையே சொல்லிவிட்டேனே. அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

மறுநாள் காலை பாய் கொட்டகைக்குப் போனேன். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. அவர் எழுந்து வரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கையை நீட்டிக் கத்தியை வாங்கினார். உறையை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

“தண்ணி வடிஞ்சுதா?”

“வடிஞ்சுது பாய்.”

“உள்ள இறுக்கிச்சா?”

“இல்ல. தள்னதும் வந்துச்சு.”

“கயிறு எத்தினி இழுப்புல அறுந்துது?”

“மூணு.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “மூணா?” என்றார். எழுந்துபோய்ச் சாணைக்கல்லின் முன்னால் உட்கார்ந்தார். “மூணு இழுக்கறதுக்குள்ள மூச்சு போயிருந்தா? ஒண்ணுல அறுக்கணும். தப்பு என்னுது.” தீட்ட ஆரம்பித்துவிட்டார். நான் உயிரோடு எதிரே நிற்கிறேன், மனிதர் மன்னிப்புக் கேட்கிறவர் போலக் குனிந்து தீட்டிக்கொண்டிருக்கிறார். 

தீட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். முதல் நாள் சாக்கட்டிப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி.

“எந்தக் கை?”

ரோட்டில் லாரி ஒன்று போனது.  பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

“இந்தக் கை பாய்.”

அவர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். கரிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய் இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். கட்டுப்போட்ட வலது கையை நான் எப்படியாவது தூக்கப் பார்த்தேன். ஒருத்தர் கொடுப்பதை இடது கையால் வாங்கி எனக்குப் பழக்கமே இல்லை. அவர் டம்ளரை நகர்த்தி என் இடது கைக்கு நேரே பிடித்தார்.

“சூடு. கெட்டியாப் புடி” என்றார். “விழுந்தா?”

வாங்கிக்கொண்டேன். அதே கையால் குடித்தேன். குடித்து முடித்ததும், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கத்தியை இடது இடுப்பில் மாட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தேன், என் மனைவியிடம் சொல்ல.